தண்டனைக் கதையாகும் துன்பியல்

திருகோணமலைப் பிள்ளைகள் இராவணனை முதலில் புத்தகத்தில் சந்திப்பதில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, பாறை பிளந்து கடலை நோக்கி இறங்கும் இடத்தைக் காட்டி 'இராவணன் வெட்டு' என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். தாய் வணங்குவதற்காக மலையையே பெயர்க்க முனைந்தவன் வெட்டிய வெட்டு என்பது ஊர்க்கதை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இறந்த தாய்க்கு அவன் கடன் கழிக்க ஊறிய நீர் என்பார்கள். அந்த நம்பிக்கையோடுதான் இந்தப் பகுதிச் சைவர்கள் தம் பெற்றோரின் அந்தியேட்டியை அங்கே செய்துவந்தார்கள். ஆகவே நகரத்துக்கு வடக்கே பதினைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும் நிலாவெளியில் வளரும் பிள்ளைக்கு இராவணன் முதலில் ஒரு மகன், தாயை இழந்து நின்றவன்.

அதே பிள்ளை உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்க வந்ததும் கொப்பியில் எழுதும் இராவணன் வேறு ஆள். வீரம், சிவபக்தி, இசைப்புலமை, ஆணவம், பிறன்மனை நயத்தல் என்று இலக்கமிட்ட ஐந்து வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று. அடுத்த பக்கத்தில் நாடக உத்திகள்: முரண், முன்னுணர்த்தல், தனிமொழி, பாடகர் குழு. கிரேக்க நாடகத்துக்குப் போனாலும் இதே சட்டகம்தான். ஈடிப்பஸ் என்றால் அறிவாளி, குடிகள்மேல் அன்புள்ளவன், முற்கோபி, செருக்கன். பாத்திரப் பண்பு ஒரு பக்கம், நாடக உத்தி மறுபக்கம் என்று துன்பியல் நாடகத்தை வாசிக்க நம் வகுப்பறைகள் பழகியிருக்கின்றன. இந்தப் பழக்கம் எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தருவதை முதலில் சொல்லிவிடலாம். இது சோம்பேறிகளின் முறை என்று தள்ளிவிடுவது சுலபம், நியாயமல்ல. சொபொக்கிளிஸின் நாடகமொன்றை மேடையில் பார்க்கும் வாய்ப்பு நிலாவெளி மாணவருக்கு மிக அரிது. அச்சிட்ட மொழிபெயர்ப்பும் ஆசிரியரின் குரலும் ரியூசன் குறிப்பும்தான் அவருடைய அரங்கு. அப்படிப்பட்டவருக்கு முன்பின் தெரியாத, ஈடிப்பஸ் ஆளும் தீப்ஸ் நகரத்துக்குள் நுழைய ஒரு கைப்பிடி வேண்டும். பட்டியல் அந்தக் கைப்பிடியைக் கொடுக்கிறது. சான்று காட்டு என்ற கட்டளை, மனம்போன போக்கில் கதையளப்பதைத் தடுத்து மாணவரை மறுபடி வசனத்திடம் அனுப்புகிறது. ஒரே புள்ளித்திட்டம் இருப்பதால் கொழும்பில் படித்தவருக்கும் குச்சவெளியில் படித்தவருக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கிறது. வகைப்படுத்துவதும் இழிவான காரியமல்ல. அரிஸ்டாட்டில் துன்பியலுக்கு ஆறு உறுப்புகள் சொன்னார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டாக வகுத்தார்.

ஆனால் அரிஸ்டாட்டிலின் பட்டியலுக்கு ஒரு வரிசை உண்டு. கதைப்பின்னலை முதலாவதாக வைத்துவிட்டுத்தான் அவர் பாத்திரத்துக்கு வருகிறார். துன்பியல் காட்டுவது ஒரு செயலை. அந்தச் செயலுக்குள் சிக்கும்போதுதான் ஆள் யாரென்று தெரிகிறது என்பது அவர் கொள்கை. நம் கொப்பியில் ஆள் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறார். நாடகத்தில் நடப்பதெல்லாம் அவருடைய குணத்துக்குச் சான்றாக வந்து வரிசையில் நிற்கிறது. இதனால் என்ன இழக்கிறோம் என்பதை ஒரு காட்சியில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

சொபொக்கிளிஸின் 'ஈடிப்பஸ்' நாடகத்தில் கொரிந்துவிலிருந்து தூதன் வரும் காட்சி. அவன் கொண்டுவருவது, அவனளவில், நல்ல செய்தி. ஈடிப்பஸ் தன் தகப்பன் என்று நம்பியிருக்கும் பொலிபஸ் முதுமையால் இறந்துவிட்டார். கொரிந்துவின் அரசு இனி ஈடிப்பஸுக்குத்தான். தகப்பனைக் கொல்வாய் என்ற தெய்வவாக்குப் பொய்த்துவிட்டதாக ஈடிப்பஸ் ஆறுதல் கொள்கிறான். தாயை மணப்பாய் என்ற மறுபாதிக்கு மட்டும் இன்னும் பயம். அந்தப் பயத்தையும் போக்கிவிட்டால் தனக்கு நன்மை உண்டென்று நினைக்கும் தூதன், பொலிபஸும் அவர் மனைவியும் ஈடிப்பஸைப் பெற்றவர்களே அல்ல என்று போட்டுடைக்கிறான். கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையாக மலையில் ஓர் இடையனிடமிருந்து அவனை வாங்கியது தானே என்கிறான். மேடையில் இப்போது மூன்று பேர். தான் என்ன செய்துவிட்டான் என்பது தூதனுக்குத் தெரியாது. ஈடிப்பஸுக்குப் பாதி தெரியும். அவனுடைய மனைவியும் உண்மையில் தாயுமான யொகாஸ்டாவுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. அவள் பேசாமல் நிற்கிறாள். தொடக்கத்திலிருந்தே எல்லாம் தெரிந்த நான்காம் தரப்பு, பார்க்கும் நாம். அவள் வாய் திறக்கும்போது கெஞ்சுவது ஒன்றைத்தான்: இனி விசாரிக்க வேண்டாம். ஈடிப்பஸ் அதையும் பிழையாக எடுத்துக்கொள்கிறான். தான் அடிமை வயிற்றில் பிறந்தவனாகத் தெரியவந்தால் அரசிக்கு அவமானமாகிவிடும் என்று பயப்படுகிறாள் போலும் என நினைத்து விசாரணையைத் தொடர்கிறான்.

யொகாஸ்டாவின் அந்த மௌனத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நாடக முரண் என்ற தலைப்பின்கீழா, யொகாஸ்டாவின் பண்பு என்ற தலைப்பின்கீழா? அவள் யாரென்பது அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. முரண் வேலை செய்வதும் அந்த மௌனத்தால்தான். ஈடிப்பஸின் விடாப்பிடியும் அப்படியே. ஸ்பிங்ஸின் விடுகதையை அவிழ்த்து நகரைக் காத்தது அந்த விடாப்பிடி. கொள்ளைநோயில் மடியும் குடிகளுக்காக முந்தைய அரசன் லாயஸைக் கொன்றவனைத் தேடப் புறப்பட்டதும் அதே விடாப்பிடி. தன்னையே கண்டுபிடித்து அழியச் செய்ததும் அதுதான். கொப்பி இதில் ஒரு துண்டை நற்பண்பு என்றும் இன்னொரு துண்டைக் குறைபாடு என்றும் அறுத்துவைக்கிறது. மேடையில் அப்படி அறுக்க இடமில்லை.

பட்டியலின் மிகப் பாரதூரமான கேடு இதற்குப் பிறகுதான் வருகிறது. குறைபாட்டை இலக்கமிட்டு எழுதியவுடன் அதையே அழிவுக்குக் காரணமாக்கிவிடுகிறோம். செருக்கினால் அழிந்தான், முற்கோபத்தால் கெட்டான், பிறன்மனை நயந்ததால் மாண்டான். கடைசி வரியில் ஒரு நீதி. துன்பியல் தண்டனைக் கதையாகிறது. இரக்கம் எங்கே பிறக்கிறது என்பதை அரிஸ்டாட்டில் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்கிறார்: தகாத துன்பத்தைக் காணும் இடத்தில். குற்றமும் துன்பமும் கணக்குச் சரியாக நேரானால் இரங்க ஒன்றுமில்லை. ஈடிப்பஸ் மூன்று சாலை கூடும் இடத்தில் கோபத்தில் ஒரு முதியவரை அடித்துக் கொன்றது உண்மை. ஆனால் அவனுக்குரிய வாக்கு அவன் கோபப்படக் கற்றுக்கொள்வதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. பச்சைக் குழந்தையின் காலைப் பிணைத்து மலையில் எறியக் கொடுத்தது எந்தச் செருக்குக்கு?

இந்தக் கேள்வி நிலாவெளியில் கேட்கப்படும்போது அதன் கனம் கூடுகிறது. 2004 டிசம்பர் 26 காலை கடல் ஏறி வந்த கரைகளில் இதுவும் ஒன்று. அதற்கு முன்னும் பின்னும் போர் இந்தப் பக்கத்து ஊர்களைக் கலைத்துப் போட்டது. போனவர்களிடம் என்ன குணக்குறை இருந்தது என்று இங்கே யாரும் கேட்பதில்லை; கேட்டால் அது குரூரம். ஆனால் இலக்கியத்தின் பேரால் வகுப்பறையில் அதே தர்க்கத்தைத்தான் வருடாவருடம் பழக்குகிறோம்: துன்பப்பட்டவரிடம் ஒரு குறையைத் தேடு, கண்டுபிடித்து அடிக்கோடிடு. அப்படிப் பழகிய மனம் வினாத்தாளோடு நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வீடு இழந்தவரைப் பார்த்தாலும், கணவனை இழந்தவளைப் பார்த்தாலும், அவர்கள் என்ன பிழை விட்டார்கள் என்றுதான் முதலில் கேட்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஈடிப்பஸ் அறியாமல் செய்தான்; இராவணன் அறிந்தே செய்தான். சீதையைக் கவர்ந்தது எந்தத் தெய்வவாக்கும் அவன் தலையில் கட்டிய காரியமல்ல. அவன் முடிவைத் தண்டனை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? குணப்பட்டியல் வாசிப்பைக் குறைகூறும் எவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஈழத்து அரங்கு அந்தப் பதிலைத் தேடியிருக்கிறது. எதிரிவீர சரச்சந்திர 1956இல் மேடையேற்றிய 'மனமே' நாடகம் சிங்கள அரங்கைத் தன் மரபின் பக்கம் திருப்பியது. அவர் பணியாற்றிய பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவர முனைந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை'. 'கர்ணன் போர்' பழைய கூத்துப் பிரதியைச் சுருக்கியது. 'இராவணேசன்' வடமோடிக் கூத்து மரபில் புதிதாக உருவானது; சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். இராமனின் வெற்றியைச் சொல்லும் கதையில் தோற்பவனை நடுவில் நிறுத்தி அவனைத் துன்பியல் நாயகனாக்கியது அந்த நாடகம்.

அந்த முயற்சியிலும் வரவும் செலவும் உண்டு. விடியவிடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, படச்சட்ட மேடைக்காக ஓரிரு மணி நேரத்துக்குள் அடக்கப்பட்டபோது ஊர் கூடிச் செய்யும் காரியம் என்ற அதன் இயல்பு தேய்ந்தது. பாத்திரங்களைப் பங்கிடும் சட்டங்கொடுத்தல் தொடங்கி அரங்கேற்றம் வரை, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரோடு மாதக்கணக்கில் ஊரே வாழ்ந்த வாழ்வு சபாமண்டபத்துக்குள் வரவில்லை. பல பாத்திரங்களுக்குச் சமமாகக் கிடைத்த களரி ஒரு நாயகனுக்கே உரியதாயிற்று. கிடைத்தது செறிவு. ஒரு மனிதன் ஒவ்வொருவராக இழந்து தனித்துப்போவதை ஒரே மூச்சில் பார்க்க முடிந்தது.

இங்கே கூத்தின் உத்தியொன்று நமக்குப் பாடம் சொல்கிறது. வடமோடியில் அரசன் களரிக்கு வரும்போது அவன் பெருமையைப் பின்பாட்டுப் பாடும் சபையோர் படர்க்கையில் பாடுவார்கள். மத்தளமும் சல்லரியும் முழங்க அவன் வரவாட்டம் ஆடுவான். இன்னார், இத்தகைய வீரன், இன்ன நாட்டை ஆள்பவன் என்று பார்ப்போருக்கு அறிவித்த பிறகுதான் கதை நகரும். பார்த்தால் இதுவும் ஒரு குணப்பட்டியல்தான். ஆனால் கூத்து அதைத் தொடக்கத்தில் வைக்கிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு கட்டமும் அந்த அறிமுகத்தைச் சோதிக்கிறது. வரவில் கேட்ட பெருமைக்கும் கடைசியில் கேட்கும் புலம்பலுக்கும் இடையிலுள்ள தூரமே அவலம். நம் வகுப்பறை அதே பட்டியலை முடிவில் தீர்ப்பாக வாசிக்கிறது. பிழை பட்டியலில் இல்லை, அதை வைக்கும் இடத்தில் இருக்கிறது.

இராவணன் கதையில் அந்தத் தூரத்தை முதலில் அளந்தவள் அவன் மனைவி மண்டோதரி. கம்பனின் யுத்த காண்டத்தில் இந்திரசித்து மாண்டபின் அவள் மகன்மேல் விழுந்து புலம்புகிறாள். அழுகையின் நடுவில் அவளைப் பயம் பிடிக்கிறது. மகனின் உடலில் கணவனின் அடுத்த நாளைக் கண்டுவிடுகிறாள். சீதையால் வந்தது இது என்பதையும் சொல்லிவிடுகிறாள். கொப்பி இதை முன்னுணர்த்தல் என்று ஒரு பக்கத்திலும், பதிவிரதை என்று மறுபக்கத்திலும் எழுதும். இரண்டுக்கும் நடுவே நழுவிப்போவது அவளுடைய நிலை. காரணம் தெரிந்தவள், நாளை தெரிந்தவள், நிறுத்த முடியாதவள். யொகாஸ்டா மௌனத்தில் அறிந்ததை மண்டோதரி அழுகையில் அறிகிறாள். இரு கதையிலும் முடிவை முதலில் காண்பவள் மனைவிதான். இருவர் அறிவும் கணவனை எட்டவில்லை. கடைசியில் மண்டோதரி இராவணன் உடல்மீதே உயிர்விடுவதாகக் கம்பன் முடிக்கிறார். அவள் செய்த குற்றம் எது என்று எந்தப் பட்டியலாலும் சொல்ல முடியாது.

இனி இராவணன். தம்பி கும்பகருணன் போனான், மகன் இந்திரசித்து போனான். சீதையைத் திருப்பி அனுப்பினால் இப்போதும் போர் நின்றுவிடும். ஆனால் தனக்காக மாண்டவர்களை நினைத்தால் அது அவர்களின் சாவையே வீணாக்குவதாகும். முதலில் ஆசையால் பிடித்ததை இப்போது இறந்தவர்களுக்குப் பட்ட கடனால் விடமுடியாதவனாக நிற்கிறான். ஆணவம் என்ற ஒரே சொல் முதல் நாள் இராவணனுக்குப் பொருந்தும். கடைசி நாள் இராவணனுக்கு அது போதாது. அவன் குற்றவாளிதான். குற்றம் செய்தவனுக்கு மட்டும் உரிய விலையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்ட பிறகு, அதை அறிந்தபடி எழுந்து போருக்குப் போகிறான். நிரபராதிக்கு மட்டுமே இரங்க முடியும் என்றால் துன்பியல் மேடையில் பாதி காலியாகிவிடும். கணக்கு மீறிய துன்பம், அதுவும் அறிந்து படும் துன்பம், குற்றவாளியிடத்திலும் நம்மை இரங்க வைக்கிறது. மறுப்புக்கு என் பதில் இதுதான்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வழுக்கலும் இருக்கிறது. இராவணனை எங்கள் மன்னன் என்று கொண்டாடும் வாசிப்பு இன்று இரு மொழியிலும் பெருகியிருக்கிறது. 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் முதல் செய்மதிக்கே 'ராவணா-1' என்று பெயர். வெட்டையும் வெந்நீர்க் கிணறுகளையும் காட்டி வளர்க்கும் திருகோணமலையில் இந்தப் பெருமிதம் இயல்பானதுதான். ஆனால் குறைகளை அழித்துவிட்டுப் பெருமைகளை மட்டும் இலக்கமிடுவதும் அதே பட்டியல் பழக்கம்தான். அங்கே இராவணன் குற்றமற்றவனாகிறான், சீதை காணாமல் போகிறாள், மண்டோதரியின் பயத்துக்குக் காரணமே இல்லாமல் போகிறது. தண்டனைக் கதையும் துதிப்பாட்டும் ஒன்றுபோலவே அவலத்தைக் கொன்றுவிடுகின்றன.

வேறு விதமாக வாசித்துப் பார்த்த முன்னோடி ஒருவர் இந்த மாவட்டத்தோடு தொடர்புடையவர். 1920களின் நடுப்பகுதியில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றிருந்த சுவாமி விபுலானந்தர், 1926இல் 'மதங்க சூளாமணி' என்ற நாடக நூலை வெளியிட்டார். உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று பகுதி. நடுப்பகுதியில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு தமிழ் நாடக இலக்கணத்தின் கண்ணால் பார்க்கிறார். அவரிடமும் பட்டியல் உண்டு. ஆனால் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்ற ஐந்து சந்திகளும் நாடகத்தின் நகர்வைக் குறிப்பவை. சுவைகள் பார்ப்பவர் மனத்தில் எழுபவை. விதை எங்கே விழுந்தது, எங்கே முளைத்தது, அப்போது நமக்குள் அச்சமா அவலமா என்று கேட்கும் வாசிப்பில் பாத்திரமும் உத்தியும் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன. இது நம் கொப்பிக்கு எட்டாத பலம்.

குறையும் உண்டு. சந்தி இலக்கணம் தலைவன் தன் பயனை அடையும் நாடகத்துக்காக வகுக்கப்பட்டது. விதைத்ததை அறுத்துத் துய்ப்பதில் அது முடிகிறது. வடமொழி நாடக மரபும் மேடையில் மரணத்தைத் தவிர்த்தே வந்தது. துரியோதனன் மேடையிலேயே உயிர்விடும் பாசனின் 'ஊருபங்கம்' அபூர்வமான விலக்கு. ஷேக்ஸ்பியரின் மக்பெத் எதைத் துய்க்கிறான்? அரசனைக் கொன்ற கணத்திலிருந்து அவனுக்கு உறக்கமே இல்லை. ஆகவே விபுலானந்தரின் சட்டகம் துன்பியலின் நடுப்பகுதி வரை நன்றாக வழிகாட்டி, முடிவில் தடுமாறும். சட்டகத்தை அப்படியே போர்த்தாமல், நகர்வைப் பார், பார்ப்பவரைப் பார் என்ற அதன் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

அப்படி எடுத்துக்கொண்டால் வகுப்பறையில் செய்யக்கூடியது எளிது. முதல் காட்சி முடிந்ததும் குணப்பட்டியலை எழுதச் சொல்லலாம்; அது கூத்தின் வரவு. அதன் பிறகு ஒவ்வொரு முக்கிய இடத்திலும் மூன்று கேள்விகள் போதும். இந்தக் கணத்தில் யாருக்கு எவ்வளவு தெரியும்? அறிந்தவர் என்ன செய்கிறார்? முதலில் எழுதிய பட்டியலில் எந்த வரி இன்னும் நிற்கிறது? முரண், முன்னுணர்த்தல், திருப்பம், அறிதல் என்ற பெயர்கள் எல்லாம் இந்தப் பதில்களுக்குள்ளேயே வந்துவிடும். பெயர் தெரியாவிட்டாலும் பொருள் தெரிந்திருக்கும். சான்று காட்டும் ஒழுக்கமும் கெடாது, புள்ளியிடுவதற்கும் இடமிருக்கும்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. மக்பெத்துக்குத் தான் செய்யப்போவது பாவம் என்பது கத்தியெடுக்கும் முன்பே தெரியும். அங்கே யாருக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வி அதிக தூரம் போகாது, தெரிந்தும் ஏன் என்று கேட்கவேண்டும். கூத்தில் ஆட்டமும் தாளமும் சொல்லிவிடும் சேதியைத் தாளில் எழுதும் எந்தக் கேள்வியாலும் முழுக்கப் பிடிக்க முடியாது. பாடவேளை நாற்பது நிமிடம், பாடத்திட்டமோ பெரிது. முழு நாடகத்தையும் இப்படி நடத்த எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடைக்காது. ஆனால் நாடகத்துக்கு ஒரு காட்சி போதும். கொரிந்துத் தூதனின் காட்சியை மூன்று பேர் எழுந்து நின்று வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து யார் எப்போது எதை அறிகிறார் என்று குறித்துக்கொண்ட வகுப்பு, ஈடிப்பஸ் செருக்கினால் அழிந்தான் என்ற வரியை அதன் பிறகு அவ்வளவு சுலபமாக எழுதிவிடாது.